காலாவின் உருதுவில் இல்லாத ‘நே’

அன்புள்ள ஐயா,

எனக்கு வாணியம்பாடி. வீட்டில் உருது, தெருவிலும் பள்ளியிலும் தமிழ். மொழியியலில் எம்.ஏ. முடித்துவிட்டு ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். உருதுத் தொடரியலில், அதாவது வாக்கிய அமைப்பில், முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. இந்தத் துறையில் வேலை கிடைக்குமா? சோம்ஸ்கியின் இலக்கணக் கோட்பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டுமா? இன்னொன்று. எங்கள் வீட்டில் பேசுவது கொச்சை உருது. ‘நே’ கூடப் போட மாட்டார்கள், இலக்கணமே கிடையாது. அதனால் லக்னோ போய்ச் சுத்தமான உருது பேசுகிறவர்களிடம் தரவு எடுக்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் கருத்து தெரிந்தால் நல்லது. என் பெயரைப் போட வேண்டாம்.

ந.

அன்புள்ள ந.,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசைமேல், பிரிட்டிஷ் கால அதிகாரி கிரியர்சன் தொகுத்த இந்திய மொழி ஆய்வுத் தொகுதி திறந்தபடி கிடந்தது. ஒரு வாரமாகவே இந்த ‘நே’தான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

வேலை கிடைக்குமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கௌரவ விரிவுரையாளர் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று எனக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். சோம்ஸ்கி விஷயத்தை உங்கள் நெறியாளர் பார்த்துக்கொள்வார். ஆனால் மூன்றாவதாகப் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறீர்களே, ‘கொச்சை உருது, இலக்கணமே கிடையாது’ என்று. என்னம்மா இது? மொழியியல் படித்த பெண் எழுதுகிற வாக்கியமா? இலக்கணம் இல்லாமல் உங்கள் பாட்டி எப்படி உங்களைத் திட்டினார், எப்படிக் கொஞ்சினார், எப்படிக் கதை சொன்னார்? உங்களுக்கு எப்படி அது புரிந்தது?

மற்ற வாசகர்களுக்காக இந்த ‘நே’யைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புத்தக உருதுவில், செயப்படுபொருள் உள்ள வினை இறந்த காலத்தில் வந்தால் எழுவாயோடு ‘நே’ ஒட்டும். ‘லட்கே நே ரோட்டீ காயீ’ என்றால் பையன் ரொட்டி தின்றான். இங்கே வினை பையனோடு இயைவதில்லை, ரொட்டியோடு இயைகிறது. ரொட்டி பெண்பால், அதனால் ‘காயீ’. தின்றது பையன், விகுதி ரொட்டிக்கு. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ‘லட்கா ரோட்டீ காயா’ என்பார்கள். ‘நே’ இல்லை, வினை பையனோடு நிற்கிறது, நம் தமிழில் நிற்பதுபோலவே. தக்கினி உருது, அதாவது தெற்கத்தி உருது, பேசுகிறவர்களிடம் பொதுவாக இப்படித்தான்.

இப்போது கிரியர்சனுக்கு வருகிறேன். பெஞ்சமின் ஷூல்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1719-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவருக்கு முன் அங்கே வந்த பாதிரியார் சீகன்பால்கு பாதியில் விட்டுப்போன தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பை முடித்தவர் அவர்தான். அப்புறம் சென்னைக்குப் போனார். அங்கே 1741-இல் ஹிந்துஸ்தானிக்கு (உருதுவை அன்று அப்படித்தான் சொன்னார்கள்) ஓர் இலக்கணம் எழுதினார், லத்தீனில். 1745-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. ஏறக்குறைய நூற்றெழுபது வருடம் கழித்து அந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதும்போது கிரியர்சன் ஒரு குறை சொல்கிறார்: இறந்த கால வினைகளோடு ‘நே’ வரும் என்பதை ஷூல்ட்ஸ் அறியவில்லை என்று.

அறியவில்லையாம். ஷூல்ட்ஸ் எங்கே உட்கார்ந்து எழுதினார்? சென்னையில். யாரிடம் கேட்டு எழுதினார்? சென்னையில் ஹிந்துஸ்தானி பேசியவர்களிடம். அவர்கள் பேசியது தக்கினி. அவர்கள் வாயில் இல்லாத ‘நே’ அவர் நோட்டில் எப்படி வரும்? அவர் பிழையே செய்யாதவர் என்று நான் சொல்லவில்லை. ட, ண போன்ற ஒலிகளை அவர் கண்டுகொள்ளவில்லை என்றும் கிரியர்சன் சொல்கிறார், இத்தனை வருடம் தமிழோடு இருந்தவர் அதைக் கோட்டைவிட்டது ஆச்சரியம்தான். ஆனால் ‘நே’ விஷயத்தில் அவரைத் தப்பு சொல்ல நான் விட மாட்டேன். காதில் விழுந்ததை எழுதினார். வடக்கத்தி உருதுவை அளவுகோலாக வைத்துப் பார்த்தபோது அது அறியாமையாகத் தெரிந்தது. இன்று நீங்கள் உங்கள் பாட்டியை அளப்பதும் அதே கோலால்தான். அந்தக் கோல் ரொம்பப் பழையது. 1808-இல் ‘தர்யா-எ-லதாஃபத்’ என்ற உருது இலக்கண நூலை எழுதிய கவிஞர் இன்ஷா, தில்லிக்குள்ளேயே எந்தப் பேட்டையின் பேச்சு சரி, எது சரியில்லை என்று பிரித்துப் பார்த்தவர். தில்லியின் பேட்டைகளே அந்தப் பாடுபட்டபோது வாணியம்பாடி எந்த மூலைக்கு?

சரி, இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது. லாகூரில் ‘நே’ கூடுதலாக வரும். ‘முஜே ஜானா ஹை’, அதாவது எனக்குப் போக வேண்டும், என்று வரவேண்டிய இடத்தில் லாகூர்க்காரர்கள் ‘மைங் நே ஜானா ஹை’ என்பார்கள். பஞ்சாபி கலந்த தப்பு என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இன்றும் உண்டு. மிரியம் பட் என்ற மொழியியலாளர், டிரேஸி ஹாலோவே கிங் என்பவரோடு சேர்ந்து, அந்தத் ‘தப்பை’ எடுத்து மேசைமேல் வைத்தார். ‘நே’ வந்தால் போகிறவரின் விருப்பம் தெரிகிறது, ‘கோ’ வகை (நம் ‘கு’ போன்றது, ‘முஜே’யும் இந்த வகைதான்) வந்தால் கட்டாயம் தெரிகிறது என்று காட்டினார்கள். வேற்றுமை உருபு வெறும் ஒட்டு இல்லை, தனக்கென்று பொருள் உள்ளது என்ற பெரிய வாதத்துக்கு லாகூரின் அந்த வாக்கியம் சாட்சியாகப் போய் நின்றது.

நீங்கள் உருதுத் தொடரியலில் ஒரு வாழ்க்கை அமையுமா என்று கேட்டீர்கள் அல்லவா, மிரியம் பட் அப்படி அமைத்துக்கொண்டவர். 1993-இல் ஸ்டான்ஃபோர்டில் உருதுவின் கூட்டுப் பயனிலைகளை, அதாவது சொற்கள் சேர்ந்து ஒரே பயனிலையாவதை, பற்றி முனைவர் பட்டம், 1995-இல் அது புத்தகம், பிறகு ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 2006-இல் வேற்றுமைக் கோட்பாடுகளைப் பற்றித் தனி நூல். கணினிக்கு உருது இலக்கணம் எழுதும் வேலையும் நடந்தது. இத்தனைக்கும் அடியில் இருப்பது எந்த வீட்டிலும் காதில் விழக்கூடிய இரண்டு வாக்கியங்கள்தான். தமிழில் சொன்னால்: கடிதம் எழுத விட்டாள், கடிதம் எழுதச் சொன்னாள். உருதுவில் முதலாவது ‘சிட்டீ லிக்நே தீ’. ‘தீ’ என்றால் கொடுத்தாள் என்பதன் பெண்பால் வடிவம், ஆனால் அந்தப் பெண்பால் எழுத விட்டவளுடையது இல்லை, சிட்டீயினுடையது. கடிதத்துக்கு ‘கத்’ என்ற ஆண்பால் சொல்லைப் போட்டால் ‘தியா’ ஆகிவிடும். இரண்டாவது வாக்கியத்தில் ‘லிக்நே கோ கஹா’. அங்கே சிட்டீ வந்தாலும் கத் வந்தாலும் ‘கஹா’தான், அசையாது. ஆகவே முதலாவதில் இரண்டு வினைகளும் ஒன்றாகக் கலந்து ஒரே வாக்கியம், இரண்டாவதில் ஒன்றுக்குள் ஒன்று. வினையின் வாலில் உள்ள ஓர் உயிரெழுத்து அதைச் சொல்லிவிடுகிறது. இதை முதன்முதலாகப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்கள்மேல் இவ்வளவு கோபம் ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் ஆம்பூரில் வளர்ந்தவன். உருது எனக்குப் பக்கத்து வீட்டுக் காலாவிடமிருந்து வந்தது. காலா என்றால் அம்மாவின் அக்கா, தங்கை. மாலையில் திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவார். நான் அவர் மகனோடு விளையாடிவிட்டு வந்து நிற்பேன். தலையைத் தூக்காமலே மகனிடம் சொல்வார்: ‘காயா க்யா போல்கே பூச்.’ சாப்பிட்டானான்னு கேளு. மூன்றடி தள்ளி நிற்கிற என்னிடம் நேராகக் கேட்க மாட்டார், மகன் வழியாகத்தான் கேட்பார். பதிலுக்குக் காத்திருக்காமல் தட்டும் வந்துவிடும்.

இருபத்துநாலு வயதில் வேலைக்காக தில்லி போனேன். ஒரு நாள் அலுவலகத்தில் டீ குடித்தாயிற்றா என்று கேட்டதற்கு ‘மைங் சாய் பியா’ என்றேன். ‘மைங் நே சாய் பீ’ என்று சொல்லியிருக்க வேண்டும். மேலதிகாரி சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு, இன்னொரு முறை சொல்லு என்றார். நானும் சொன்னேன்.

அது போகட்டும். அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது காலா ஏதோ சொல்ல, நான் திருத்தினேன். ‘அங்கே நே போடணும் காலா.’ அவர் ஒன்றும் சொல்லவில்லை. முறத்தை இரண்டு தட்டுத் தட்டினார். அதற்குப் பிறகு சாகும்வரை என்னிடம் தமிழில் மட்டும்தான் பேசினார். அன்பு குறையவில்லை, தட்டும் வந்தது. உருது வரவில்லை.

அந்த ‘போல்கே’ என்ன என்று பல வருடம் கழித்துத்தான் யோசித்தேன். போல்கே என்றால் சொல்லி. நம் ‘என்று’ என்பதும் ‘என்’, அதாவது சொல், என்ற வினையிலிருந்து பிறந்த எச்சம்தான். லக்னோவில் ‘உஸ் நே கஹா கெ மைங் ஆவூங்கா’, சொன்னான் முதலில், வருவேன் பின்னால். காலா வீட்டில் ‘மைங் ஆதூங் போல்கே போல்யா’. வர்றேன்னு சொன்னான். சொல்லுக்குச் சொல் தமிழின் வரிசை. அண்டை வீடுகளில் நூற்றாண்டுக்கணக்காகப் புழங்கிய இரண்டு மொழிகளில் ஒன்று மற்றதன் எலும்புக்கூட்டை வாங்கிக்கொண்டிருக்கிறது. ஹைதராபாத் தக்கினியில் இதையெல்லாம் ஹர்பீர் அரோரா, கே.வி. சுப்பாராவ் போன்றவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். தமிழை ஒட்டிய வீட்டில் உட்கார்ந்து, இரண்டு மொழியையும் பாலோடு குடித்தவர் ஒருவர் செய்ய வேண்டிய வேலை இன்னும் நிறையக் கிடக்கிறது. நீங்கள் லக்னோவுக்கு ரயில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

லக்னோவுக்குப் பிறகு போகலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் பெரியவர்கள் யார் இருக்கிறார்களோ அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். இலக்கணம், ஆய்வு என்று எதுவும் சொல்லாதீர்கள், ‘நே’யைப் பற்றி மூச்சு விடாதீர்கள். ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள், அதில் ஓர் அண்ணன் தங்கையைக் கடிதம் எழுத விடட்டும். லக்னோவில் அது ‘பாயீ நே பஹன் கோ சிட்டீ லிக்நே தீ’. உங்கள் வீட்டில் ‘நே’ கிடையாது, வினை எழுவாயோடு போகும். அப்படியானால் ‘தியா’ வருமா, ‘தீ’ வருமா? ‘தியா’ வந்தால், இரண்டு வினைகளும் கலந்து ஒன்றாயின என்று காட்டிய அந்தச் சாட்சியே உங்கள் வீட்டில் இல்லாமல் போகிறது. பிறகு வேறு எதை வைத்து அதை நிரூபிப்பீர்கள்? ‘தீ’ வந்தால் இன்னும் பெரிய சிக்கல், ‘நே’ இல்லாமலே வினை கடிதத்தின் பக்கம் எப்படித் திரும்பியது?

நான் கேட்டிருக்க வேண்டியவர் இப்போது இல்லை. நீங்கள் கேட்டு எனக்கு எழுதுங்கள்.