குளிர் குறையும் நாளில்தான் கரி அடுப்புக்கு ஆள் வேண்டும்

தம்பி,

ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள வில்க்ஸ்-பேரிக்கு வந்ததாகவும், வாடகைக்கு எடுத்த பழைய வீட்டின் பேஸ்மெண்டில் கையால் கரி போடும் அடுப்பு இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். டிசம்பர் குளிரில் சொன்னபடி கேட்ட அடுப்பு, ஜனவரியில் நாலு நாள் வெயிலடித்துப் பனி உருகியதும் இரண்டு தடவை அணைந்துவிட்டது, கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவைக் காட்டிக்கொடுக்கும் அலாரமும் ஒரு தடவை அடித்தது. "குளிர் கூடினால்தானே சிரமம் வரணும், குறைந்தால் ஏன் வருது அக்கா?" என்று கேட்டிருந்தீர்கள். இங்கே கரி அடுப்போடு எனக்கு இது 17வது குளிர்காலம். நீங்கள் கேட்ட இந்த ஒரு விஷயம் பிடிபட எனக்கே மூன்று வருஷம் ஆனது.

அலாரத்தை முதலில் பேசிவிடுவோம். அடுத்த தடவை அடித்தால் கீழே இறங்கிப் பார்க்காதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு வீட்டுக்குள்ளேயே இருக்கவும் வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வெளியே வந்து, அங்கிருந்து 911 கூப்பிடுங்கள். அழுகின முட்டை வாடை வந்தது என்று எழுதியிருந்தீர்களே, அது கந்தகம். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. வாடை போய்விட்டது என்பதற்காக வாயுவும் போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு தடவை அடித்துவிட்டதால், வீட்டுக்காரரிடம் சொல்லி விவரம் தெரிந்த ஆளை வைத்துச் சிம்னியையும், அடுப்பிலிருந்து சிம்னிக்குப் போகும் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அடுப்பை மூட்டாதீர்கள். அலாரத்தின் முதுகில் தேதி போட்டிருக்கும், பழசாகியிருந்தால் மாற்றுங்கள். பேஸ்மெண்டில் ஒன்று, படுக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒன்று கட்டாயம் வேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த அடுப்பில் தீயை எரிய வைப்பதே சிம்னியின் இழுப்புதான். சிம்னிக்குள் இருக்கும் சூடான காற்று லேசானது, வெளியே இருக்கும் குளிர்ந்த காற்று கனமானது. அந்த வித்தியாசத்தில்தான் உள்ளே இருப்பது மேலே போகிறது, அதன் பின்னாலேயே கரிக்கு அடியில் புதுக் காற்று நுழைகிறது. வெளியே 10 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் வித்தியாசம் பெரிது, சிம்னி தானாகவே இழுக்கும். வெளியே 50 ஆகிவிட்டால் வித்தியாசம் சுருங்கிவிடும். அன்றைக்குப் பார்த்து நாமும் "வீடு சூடாகத்தானே இருக்கு" என்று காற்றைக் குறைத்து, கரியையும் குறைத்துப் போடுகிறோம். இழுப்பு குறைந்த நாளில் சிம்னியையும் ஆறவிட்டால் தீ எப்படி நிற்கும்?

அதிலும் இந்த ஊர்க் கரி ஆந்த்ரசைட் என்கிற கெட்டி நிலக்கரி. நான் நெய்வேலியில் வளர்ந்தவள். அங்கே வெட்டுவது பழுப்பு நிலக்கரி, பாதி ஈரம். இங்கே கிடைப்பது நேர் எதிர்: கண்ணாடி மாதிரி மினுங்கும், கையில் கறைகூட அதிகம் ஒட்டாது, பற்றிக்கொள்ளவே 900 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் சூடு வேண்டும். ஒரு காலத்தில் இதைக் கல் என்றே ஒதுக்கினார்கள். கொல்லர்கள் உலையில் துருத்தி வைத்து ஊதி எரித்தார்களே தவிர, வீட்டில் எரியாது என்பதுதான் பேச்சு. ஜெஸ்ஸி ஃபெல் என்பவர் 1808 பிப்ரவரி 11 அன்று, நீங்கள் இருக்கும் அதே வில்க்ஸ்-பேரியில், தன் விடுதியின் கணப்பில் இரும்புக் கம்பித் தட்டு ஒன்றை வைத்து, அதன்மேல் கரியைக் கொட்டி, துருத்தி இல்லாமலே எரித்துக் காட்டினார். அடியிலிருந்து காற்று வந்ததால் எரிந்தது. உங்கள் பேஸ்மெண்டில் இருப்பதும் அதே ஏற்பாடுதான். விறகு மாதிரி மேலிருந்து காற்று கொடுத்தால் இது எரியாது. நம் வீட்டுக் குமுட்டி அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள், விசிறியை எங்கே காட்டுவோம்? அடியில் இருக்கும் வாய்க்குத்தானே.

அதனால் இதமான நாளில் தீயைச் சின்னதாக்க, கரியைக் குறைக்கவே கூடாது. அடுப்பின் உட்சுவரில் இருக்கும் தீச்செங்கல்லின் விளிம்பு வரை எப்போதும் போல நிரப்புங்கள். ஆந்த்ரசைட் கூட்டமாக இருந்தால்தான் ஒன்றின் சூட்டில் இன்னொன்று எரியும், ரெண்டு கை கரி தனியாகக் கிடந்தால் அணைந்துவிடும். குறைக்க வேண்டியது சாம்பலை உதிர்ப்பதைத்தான். குளிர் நாளில் கைப்பிடியை ஆட்டி, சாம்பல் தட்டில் சிவப்புக் கங்கு விழும் வரை உதிர்ப்போம் இல்லையா? வெயில் நாளில் நாலைந்து சின்ன ஆட்டலோடு நிறுத்திவிடுங்கள். அடியில் தங்கும் சாம்பல் காற்றை மெல்ல மெல்லத்தான் விடும், மேலே கரி நீறு பூத்த நெருப்பாக நாள் முழுக்கக் கிடக்கும். அடியில் காற்றை விடும் திருகை முழுசாக மூட வேண்டாம், ஒரு மயிரிழையாவது திறந்திருக்கட்டும். குழாயில் ஒட்டிவைக்கிற காந்த வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். என் வீட்டில் அது 100 டிகிரிக்குக் கீழே போக நான் விடுவதில்லை, போனால் சிம்னி இழுக்காது. உங்கள் வீட்டுக்கு அந்த எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஒரு வாரம் கவனித்தால் தெரிந்துவிடும்.

பகலில் 50 டிகிரியைத் தாண்டி அப்படியே இரண்டு மூன்று நாள் நிற்கப்போகிறது என்று தெரிந்தால் நான் அடுப்போடு மல்லுக்கட்டுவதில்லை. அணையவிட்டு, ஸ்வெட்டரும் மின் ஹீட்டருமாகச் சமாளிப்பேன். அடுப்பு நன்றாக ஆறியதும் குழாயைக் கழற்றி உள்ளே படிந்த பறக்கும் சாம்பலைத் துலக்குவேன். படுக்கைவாட்டமாகப் போகும் குழாயில் அது மாவு மாதிரி படிந்து பாதி வழியை அடைத்துக்கொள்ளும். கடும் குளிரில் இழுப்பு பலமாக இருப்பதால் அடைப்பு தெரியாது, வெயில் வந்ததும்தான் தெரியும். உங்களுக்கும் அப்படி ஆகியிருக்கலாம். போன தடவை குழாயை எப்போது சுத்தம் செய்தார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, இதை இந்த ஊர்ப் பெரியவர்கள் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் நான்காவது குளிர்காலத்தில் பொங்கலன்று இதே மாதிரி பனி உருகிக்கொண்டிருந்தது. வெளியே மூட்டம், காற்றே இல்லை. பன்னிரண்டு பேருக்குச் சமையல். காலை ஆறு மணியிலிருந்து எக்ஸாஸ்ட் ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது, தாளிப்பு வாடை துணியில் ஏறக்கூடாது என்று எல்லா ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தேன், கீழே துணி உலர்த்தும் இயந்திரமும் ஓடுகிறது. பத்தரை மணிக்கு, வடைக்கு எண்ணெய் காயும்போது, பேஸ்மெண்டில் அலாரம் அடித்தது. எல்லாரும் பட்டுப்புடவையோடு சேற்றுப் பனியில் போய் நின்றோம். தீயணைப்புக்காரர்கள் மீட்டரோடு உள்ளே போய் வந்து கேட்ட முதல் கேள்வி, "சமையலறை ஃபேன் எவ்வளவு நேரமாக ஓடுகிறது?" என்பதுதான். ஃபேனும் டிரையரும் வீட்டுக் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால், அந்தக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். எல்லாம் சாத்தியிருந்தால் சிம்னி வழியாகவே வரும், அடுப்பின் வாயுவையும் கூட்டிக்கொண்டு. நம் சமையலுக்கு ஃபேன் இல்லாமல் முடியாது, எனக்குத் தெரியும். அது ஓடும்போது சமையலறை ஜன்னலை நாலு விரல் திறந்து வையுங்கள். வெயில் நாளில் ஃபேனையும் டிரையரையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். அன்றிலிருந்து நான் இதை ஒரு நாளும் மீறியதில்லை.

குளிர் இறங்கும் நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே சமாளித்துவிட்டீர்கள். ஃபாரன்ஹீட் பூஜ்யத்தை நெருங்கும் இரவில், கரி போடுவதை 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்பதிலிருந்து 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆக்குங்கள், சாம்பலை நன்றாக உதிர்த்துவிடுங்கள். எங்களுக்கு வழக்கமான நாளில் 40 பவுண்டு மூட்டை ஒன்று போதும், அந்த மாதிரி நாளில் ஒன்றரை ஆகும். ஒரு குளிர்காலத்துக்கு மூன்று டன் பக்கம் வருகிறது. வாங்கும்போது 'நட்' அளவு கேளுங்கள். பொடியான 'ரைஸ்' தானியங்கி அடுப்புக்கானது, உங்கள் தட்டின் இடுக்கில் உதிர்ந்துவிடும்.

ஆனால் கரி போடும் முறையில் அவசரம் வேண்டாம். கதவை ஒரேயடியாகத் திறக்காமல், முதலில் ஒரு விரல் அளவு திறந்து கொஞ்ச நேரம் பொறுங்கள். புதுக் கரியால் முழுவதையும் மூடிவிடாமல் ஒரு மூலையில் செங்கங்கு தெரியும்படி விடுங்கள். கரியிலிருந்து கிளம்பும் வாயு அந்தக் கங்கில் பற்றி எரிந்துவிடும். மூடிவிட்டால் வாயு உள்ளேயே சேர்ந்து திடீரென்று 'பொம்' என்று வெடித்து, குழாயையே கழற்றிவிடக்கூடும். சரியாகப் போட்டால் முதலில் கரி சடசடவென்று பொரியும், பிறகு மேலே நீலச் சுடர்கள் ஒவ்வொன்றாக எழுந்து ஆடும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அதை 'நீலப் பெண்கள்' என்பார். அவருடைய அப்பா சுரங்கத் தொழிலாளி. 1959 ஜனவரியில் பிட்ஸ்டன் பக்கத்தில் சஸ்குவெஹானா ஆறு நாக்ஸ் சுரங்கத்துக்குள் உடைத்துக்கொண்டு பாய்ந்து 12 பேர் இறந்ததை, நேற்று நடந்த மாதிரி சொல்வார். கரியை வாளியிலிருந்து ஒரு துண்டுகூடச் சிந்தாமல் போடக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

நீலச் சுடர் வந்த பிறகே காற்றைக் குறைக்க வேண்டும். அதுவரை சாம்பல் கதவு திறந்திருந்தால் அடுப்பை விட்டு நகரவே நகராதீர்கள். அம்மா போனில் கூப்பிட்டாள் என்று நான் ஒருநாள் மேலே போய்விட்டேன். பத்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தபோது குழாய் மங்கலான சிவப்பில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அடியில் இருந்த இரும்புத் தட்டு வளைந்து, புதிதாக மாற்ற வேண்டியதாயிற்று.

தீ கிட்டத்தட்ட அணைந்த நிலையில் பார்த்தால் பதறிப்போய்ச் சாம்பலை ஆட்டாதீர்கள், மிச்சம் இருக்கும் கங்கும் கீழே விழுந்துவிடும். அடியில் காற்றைத் திறந்து, மேலே மெல்லிசாகக் கொஞ்சம் கரி தூவி, அது பற்றிய பிறகு ஆட்டுங்கள். கம்பியால் மேலிருந்து கிளறவும் வேண்டாம், கட்டிதட்டிப் போகும்.

அள்ளிய சாம்பல் மூடி போட்ட இரும்பு வாளியில், வெளியே, சிமெண்ட் தரையில் இருக்க வேண்டும். மர வராந்தாவில் வைக்காதீர்கள், உள்ளே கங்கு நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். நன்றாக ஆறினதை வாசல் பனிக்கட்டி மேல் தூவினால் வழுக்காது. கத்தரி, மிளகாய் வைக்கும் பாத்திக்கு மட்டும் வேண்டாம். விறகுச் சாம்பல் வேறு, இது வேறு, இதில் கன உலோகங்கள் இருக்கும்.

சிம்னி பார்க்கிறவர் வந்துபோனதும் எழுதுங்கள். குழாயில் எவ்வளவு சாம்பல் இருந்தது, அணைந்த அன்று வெளியே எத்தனை டிகிரி, அலாரம் அடித்த நேரத்தில் சமையலறையில் ஃபேன் ஓடியதா, இந்த மூன்றையும் மறக்காமல் சொல்லுங்கள். அதை வைத்து மேற்கொண்டு பார்ப்போம். மறுபடி மூட்டும் முதல் நாள் ஒரு சனிக்கிழமையாக இருந்தால் நானே வந்து பக்கத்தில் நிற்கிறேன், ஸ்க்ரான்டனிலிருந்து அரை மணி நேரம்தான்.