முதியோரோடு வேலை செய்ய எதைப் படிப்பது? கேள்வி-பதில்

இந்தமுறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், உயர்தரத்தில் எந்தப் பிரிவு என்றே எழுதப்படவில்லை. பாடமும் இசட் புள்ளியும் (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) எழுதாமல் "என்ன படிக்கலாம்" என்று கேட்டால் நான் சோதிடமா பார்ப்பது?

முதியோரியல் என்ற பெயரிலேயே பட்டம் எடுக்க ஆசை. எங்கே போகலாம்? (ஏறாவூர் மாணவி)

பெயரைத் தேடி அலையாதீர்கள். தாதியியல், இயன்மருத்துவம் (பிசியோதெரபி), சமூகப்பணி, உளவியல், இவற்றில் ஒன்றை முதலில் பிடியுங்கள். முதியோரியலை அதன்மேல் பிறகு கட்டலாம்.

உயிரியல் பிரிவு. தாதியியலா, இயன்மருத்துவமா? (களுவாஞ்சிகுடி)

இரண்டும் நான்கு வருடம். தாதியியல் கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. இயன்மருத்துவத்துக்குக் கொழும்போ பேராதனையோ போக வேண்டும். பக்கவாதம் வந்தவரை எழுப்பி நடக்க வைப்பது, விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவரைத் திரும்பப் படியேற வைப்பது எல்லாம் இயன்மருத்துவம். மருந்து, புண், இரவு முறை வேலை என்றால் தாதி. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் அரச தாதியர் பயிற்சிக் கல்லூரியை மறக்காதீர்கள். மூன்று வருடம், படிக்கும்போதே கொடுப்பனவும் உண்டு.

நல்ல சம்பளம் வரும் கோர்ஸ் ஒன்று சொல்லுங்கள்.

ஊர், பிரிவு, வயது எதுவும் இல்லை. அடுத்த கடிதம்.

கலைப்பிரிவுக்கு இதில் இடமே இல்லையா? (அக்கரைப்பற்று)

இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ சமூகவியல் படிக்கலாம். சமூகப்பணியே பட்டமாக வேண்டுமென்றால் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனம். பிள்ளைகள் கைவிட்ட பெற்றோருக்குப் பராமரிப்புச் செலவு பெற்றுத்தர 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த மனுவை எழுதவும் ஆள் வேண்டும்தானே.

ஆறு மாதப் பராமரிப்பாளர் கோர்ஸ், மூன்று லட்சம், ஜப்பான் வேலை நிச்சயம் என்கிறார்கள். சேரலாமா? (வாழைச்சேனை)

இந்தக் கேள்வி மாதாமாதம் வருகிறது. மாதாமாதம் எனக்குக் கோபமும் வருகிறது. என் உறவுக்காரப் பிள்ளை ஒன்று அம்மாவின் காப்பை அடகு வைத்து இப்படியொரு இடத்தில் சேர்ந்தது. முடிவில் கையில் வந்தது தங்க எழுத்தில் அச்சடித்த ஓர் அட்டை. அதில் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) தரம் இல்லை, எங்கும் செல்லுபடியாகவும் இல்லை.

காசு கட்டுமுன் இரண்டு விடயம் கேளுங்கள். அந்த இடம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா? முடிவில் என்.வி.கியூ. எத்தனையாம் தரம்? பதில் இழுபட்டால் எழும்பி வாருங்கள். ஜப்பானில் விசேட திறன் தொழிலாளர் விசாவில் பராமரிப்பு வேலைக்குப் போக, ஜப்பான் மொழித் தேர்வும் பராமரிப்புத் தேர்வும் நீங்களே எழுதித் தேற வேண்டும். உங்களுக்காக எந்த ஏஜென்சியும் அதை எழுதாது. வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியக உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். திரும்பவும் சொல்கிறேன்: பதிவு, தரம், உரிமம். மூன்றும் பார்க்காமல் காப்பைக் கழற்றாதீர்கள்.

சித்த மருத்துவம்? (காரைதீவு)

நல்ல தெரிவு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் இருக்கிறது. பயிற்சிக் காலத்தோடு ஆறு வருடம் போகும், பொறுமை வேண்டும்.

எனக்கு வயோதிபர்மேல் ரொம்பப் பிரியம், அது போதுமா சேர்? (கல்முனை)

வீட்டில் அம்மம்மா இருக்கிறாரா? ஒரு மாதம் நீங்களே குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, இரவு அவர் கூப்பிடும்போது எழும்பிப் பாருங்கள். அப்புறம் இன்னொரு கடிதம் போடுங்கள். பிரிவையும் எழுதுங்கள்.