ஒரே பாட்டோடு முடிந்தவரா ருஸ்லானா?

கேள்வி: ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் 2004-ல் ஜெயித்த உக்ரைன் பாடகி ருஸ்லானா, அதன்பிறகு அந்த அளவுக்கு ஒரு ஹிட் கொடுக்கவே இல்லை. அரசியலில் இறங்கித் தன் பாட்டுத் தொழிலைத் தானே கெடுத்துக்கொண்டார் என்பது சரிதானே?

பதில்: இல்லை. அந்த அளவுக்கு இன்னொரு ஹிட் வரவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இஸ்தான்புல்லில் நடந்த அந்தப் போட்டியில் அவர் 280 புள்ளி வாங்கியது ஒரு ராத்திரி அதிர்ஷ்டம் அல்ல. லிவிவ் நகரத்துப் பெண். அங்குள்ள இசைக் கல்லூரியில் பியானோவும் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தவும் முறையாகப் படித்தவர். அப்புறம் கார்பாத்திய மலைக்குப் போய், அங்கு வாழும் ஹுட்சுல் மக்களின் தாளங்களை உட்கார்ந்து கேட்டார். ஆளைவிட நீளமான ட்ரெம்பிட்டா என்ற மரக்கொம்பு அவர்களுடையது. மேய்ப்பர்கள் மலைக்கு மலை சேதி சொல்லவும், ஊரில் சாவு விழுந்தால் தெரிவிக்கவும் ஊதுவது. அதைப் பாப் இசைக்குள் கொண்டுவந்து ஐரோப்பாவையே ஆடவைத்தார். போட்டியில் உக்ரைன் கலந்துகொண்ட இரண்டாவது வருஷமே வெற்றி!

அரசியலுக்கு வருவோம். 2006-ல் எம்.பி. ஆனார், மறுவருஷமே விட்டுவிட்டார். அதில் சொல்ல அதிகமில்லை. சொல்ல வேண்டியது 2013 குளிர்காலத்தைப் பற்றி. ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒப்பந்தம் போடாமல் அரசு பின்வாங்கியதும், கீவ் நகரின் மைதான் சதுக்கத்தில் மக்கள் திரண்டார்கள். ருஸ்லானா இரவுக்கு இரவு அந்த மேடையில் நின்று தேசிய கீதம் பாடினார். டிசம்பர் 10 நள்ளிரவு தாண்டி, கலவரத் தடுப்புப் போலீஸ் சதுக்கத்தைக் காலி செய்ய வந்தது. உறையும் குளிர். புனித மிக்கேல் மடத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ருஸ்லானா மைக்கை விடவில்லை. பயப்படாதீர்கள், யாரையும் அடிக்காதீர்கள் என்று விடியும்வரை கூட்டத்தைக் கட்டிக்காத்தார். காலையில் போலீஸ் பின்வாங்கியது. ஆர்க்கெஸ்ட்ரா நடத்தப் படித்தவர் அன்று செய்ததும் அதே வேலைதான் என்பது என் எண்ணம். அந்தத் துணிச்சலுக்காகத்தான் 2014-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை அவருக்கு வீரப் பெண்மணிகளுக்கான சர்வதேச விருது கொடுத்தது.

இதைத் தொழில் கெட்டது என்று எழுத எனக்குக் கை வராது. நீங்கள் அந்த யூரோவிஷன் பாட்டோடு நிறுத்தியிருந்தால், 2003-ல் உக்ரைன் மொழியில் வந்த 'டிக்கி தாந்த்ஸி' ஆல்பத்தைத் தேடிக் கேளுங்கள். முதலில் அதிலுள்ள 'ஸ்னாயூ யா' பாட்டு.