வெள்ளையனுக்குத் தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் பூனை வெள்ளையனுக்கு ஐந்து வயது, நாலேகால் கிலோ. வீட்டில் பரம சாது. ஆனால் கூண்டைக் கண்டாலே பீரோவுக்கு அடியில் புகுந்துவிடுவான். போன தடவை தடுப்பூசிக்காகக் கட்டைப் பையில் போட்டு, பையின் வாயைக் கயிற்றால் கட்டி ஆட்டோவில் கொண்டுபோனோம். பாதி வழியில் பையைக் கிழித்துக்கொண்டு வந்து, என் கணவரின் கையைப் பிறாண்டி, மூத்திரமும் போய்விட்டான். டாக்டரால் தொடவே முடியவில்லை. இப்போது ஈறு சிவந்திருக்கிறது, வாய் நாறுகிறது, காட்டியே ஆக வேண்டும். மாமியார் போடும் தூக்க மாத்திரையில் கால் பங்கு கொடுத்தால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. கொடுக்கலாமா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: வேண்டாம்மா. கால் பங்கும் வேண்டாம், அரைக்கால் பங்கும் வேண்டாம். டயசிபாம் என்ற தூக்கம் தரும் மாத்திரை கொடுத்த சில பூனைகளுக்குக் கல்லீரல் செயலிழந்து உயிரே போயிருக்கிறது. இந்த வகை மாத்திரைகள் சில பூனைகளைத் தூங்க வைப்பதற்குப் பதிலாக இன்னும் வெறிகொள்ள வைக்கும். அதைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. ஈறு வலிக்கிறதே என்று யாராவது பாராசிட்டமால் கொடுத்துவிடப் போகிறார்கள். அதை முறித்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நாம் சாதாரணமாகப் போடும் 500 மி.கி. மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

வெள்ளையனுக்கு வேண்டியது தூக்கம் இல்லை, பயம் தணிவதுதான். இந்த இரண்டையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். ஏசிப்ரோமசின் என்ற பழைய மருந்தைத் தனியாகக் கொடுத்தால் உடம்பு தளர்ந்துவிடும், பார்க்க அமைதியாக இருக்கும். உள்ளே பயம் அப்படியேதான் இருக்கும்.

இப்போது கால்நடை டாக்டர்களான நாங்கள் அதிகம் எழுதிக் கொடுப்பது கபாபென்டின். மனிதர்களுக்கு வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தரும் அதே மருந்துதான். வெள்ளையன் எடையுள்ள பூனைக்கு வழக்கமாக 50 முதல் 100 மி.கி., கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால். ஆனால் அளவை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகக் கோளாறு உள்ள பூனைக்கு அளவைக் குறைப்போம். தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறானா, மணல் தட்டு முன்பைவிட அதிகம் நனைகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இதன் உறவுக்கார மருந்தான பிரிகாபலினை, பூனையின் பயண பயத்துக்கென்றே திரவ மருந்தாக 2023-ல் அங்கீகரித்திருக்கிறார்கள்.

மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். நம் ஊரில் கபாபென்டினோடு மெத்தில்கோபாலமின் என்ற பி12 வைட்டமின் சேர்த்தும், நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்து சேர்த்தும் மாத்திரைகள் கிடைக்கின்றன. பல 300, 400 மி.கி. கணக்கில் இருக்கும். அட்டையில் முதல் பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிட்டால் ஆபத்து. வேறு எதுவும் கலக்காத 100 மி.கி. கேப்ஸ்யூல்தானா என்று டாக்டரின் சீட்டை வைத்துச் சரிபாருங்கள்.

மருத்துவமனைக்குப் போகாத ஒரு நாளில், வீட்டில் ஆள் இருக்கும்போது, டாக்டர் சொன்ன அளவை ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். கேப்ஸ்யூலைத் திறந்து பொடியை ஒரு ஸ்பூன் அவித்த மீனில் பிசைந்து கொடுங்கள். உப்பு போடாத மீனாக இருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் பின்னங்கால் தள்ளாடும், எச்சில் வடியலாம், தாவ நினைத்துத் தவறி விழலாம். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் மறுநாளுக்குள் சரியாகிவிடும். அதுவரை மொட்டை மாடிக் கதவையும் பால்கனியையும் சாத்தி வையுங்கள். கூப்பிட்டால் தலை தூக்காத அளவுக்குக் கிடந்தாலோ, மூச்சு சீராக இல்லாவிட்டாலோ உடனே டாக்டருக்கு போன் போடுங்கள்.

நேரம் மிக முக்கியம். ஆட்டோவில் ஏறிய பிறகு மருந்து வேலை செய்யட்டும் என்று இருந்தால் பலிக்காது. பயம் தலைக்கேறிய பூனையை எந்த மாத்திரையும் எளிதில் இறக்காது. அவன் கூண்டைப் பார்ப்பதற்கு முன்பே மருந்து உள்ளே போயிருக்க வேண்டும்.

கட்டைப் பையை இனிமேல் எடுக்கவே எடுக்காதீர்கள். மேல்பக்கமும் திறக்கும் பிளாஸ்டிக் கூண்டு ஒன்று வாங்கி, கதவைத் திறந்தபடி கூடத்திலேயே போட்டுவிடுங்கள். உங்கள் பழைய காட்டன் புடவை ஒன்றை உள்ளே விரியுங்கள், சாப்பாட்டையும் அதற்குள்ளேயே வையுங்கள். சில வாரங்களில் தானாகப் போய்ப் படுப்பான். கிளம்பும் நாளில் மேலே துண்டு போட்டு மூடி, ஆட்டோவில் மடியில் வைக்காமல் சீட்டில் சாயாதபடி பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் கூண்டைத் தரையில் வைக்காதீர்கள், நாய் மூக்கை நுழைத்தால் அத்தனை உழைப்பும் வீண். முன்கூட்டியே போன் செய்து கூட்டம் இல்லாத நேரம் கேளுங்கள். உள்ளே கூப்பிடும்வரை ஆட்டோவிலேயே காத்திருந்தாலும் தப்பில்லை.

பயந்த பூனையைக் கசக்கிப் பிடித்துப் பரிசோதித்தால் எங்களுக்கும் சரியான விவரம் கிடைக்காது. சர்க்கரை நோயே இல்லாத பூனைக்கும் பயத்திலேயே ரத்தத்தில் சர்க்கரை ஏறும், இதயத் துடிப்பும் தாறுமாறாகும். ‘நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்தால் ஆயிற்று’ என்று பக்கத்து வீட்டில் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

மாத்திரையை மீறியும் தொடவிடாவிட்டால், டாக்டர் அங்கேயே ஊசி போட்டு மயக்கி, மூச்சையும் நாடியையும் கவனித்தபடி வாயைப் பார்ப்பார். ஈறு நோய்க்கு எப்படியும் முழு மயக்கம் தேவைப்படலாம். அதனால் எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும், அந்த ஒரு ஸ்பூன் மீன் ஆகுமா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். எந்த மருந்தை, எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொண்டுபோங்கள்.

வழியில் நாக்கை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், அதை நாய் இரைப்பது போல எடுத்துக்கொள்ளாதீர்கள். பூனைக்கு அது அவசர நிலை. வரிசையில் உட்கார வேண்டாம், நேரே உள்ளே போங்கள்.