டர்போ போன டீசல் கார் சேலத்தில் மலிவாக வருகிறது. வாங்கிச் சரிசெய்யலாமா?

வாங்கலாம், டர்போ ஏன் போச்சுன்னு தெரிஞ்ச பிறகு. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி அது. அதன் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும்; தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். ஆயில் பைப்பில் கசடு அடைத்திருந்தால் புது டர்போவுக்கும் அதே கதி. டர்போ ஆயிலைக் கசியவிட்டதா என்று பார்க்க, அது தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸை மெக்கானிக்கை விட்டுக் கழற்றச் சொல்லுங்க. நான் பார்த்த வண்டியில் கால் டம்ளர் ஆயில் வழிந்தது! அதோடு ஸ்டார்ட் செய்தால், இன்ஜின் அந்த ஆயிலையே குடித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடலாம். டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரெஸர் இறக்கை உடைந்திருந்தால் துண்டு இன்ஜினுக்குள் போயிருக்கலாம். அதனால் சிலிண்டர்களில் அழுத்தம் சரியா என்று காட்டும் கம்ப்ரெஷன் டெஸ்ட் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க. வேலை முடிந்ததும் ஏற்காடு ஏற்றிப் பாருங்க. பைபாஸில் மறைகிற இழுவைக் குறை, அந்த 20 கொண்டை ஊசி வளைவில் தெரிந்துவிடும். மேலே போனதும் சட்டென்று அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்க.