சீசன் தொடங்கும் முன் நான் கேட்பது: அவனுக்குப் பதில் யார்?

கேள்வி இதுதான்: இங்கிலாந்தின் முதல்தர உதைபந்தாட்டப் போட்டியான பிரீமியர் லீக்கின் புதிய சீசன் தொடங்கும் முன்பே, காயப்பட்டவர்களின் பட்டியலை வைத்து ஓர் அணியின் வாய்ப்பைக் கணிக்க முடியுமா? எந்தக் காயத்துக்குக் கவலைப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்?

ஓரளவுக்கு முடியும். ஆனால் பட்டியலில் இருக்கிற பெயரை விட, அந்தப் பெயருக்குப் பதிலாக இறங்கப் போகிறவனைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இதை நான் ரிவி பார்த்துப் படித்தது கொஞ்சம். என் வலது முழங்கால் படிப்பித்ததுதான் அதிகம்.

நான் யாழ்ப்பாணத்துக் கரையோரத்து ஆள். குருநகர், பாசையூர், நாவாந்துறை என்று கடற்கரையோடு போனால் ஊருக்கு ஒரு தேவாலயமும் ஒரு கழகமும் இருக்கும். யாழ்ப்பாணம் என்றதும் வெளியில் இருப்பவர்களுக்கு வடக்கின் சமர், அதாவது கிரிக்கெட், ஞாபகம் வரலாம். எங்கள் பக்கத்தில் பின்னேரம் ஆனால் பந்தடிதான். பாடுமீன், சென் அன்ரனிஸ், சென் மேரிஸ், கொஞ்சம் தள்ளி இளவாலை யங் ஹென்றீசியன்ஸ் என்று பெயரைச் சொன்னாலே, எப்போதோ துரையப்பா விளையாட்டரங்கில் நடந்த ஓர் ஆட்டத்தை இழுத்து வைத்து இரண்டு பேர் வாக்குவாதப்படத் தொடங்கிவிடுவார்கள். ஆகஸ்ட் வந்தால் அதே வாக்குவாதம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும்.

எங்கள் சந்தித் தேத்தண்ணிக் கடையில் மூன்று கட்சி. மீன் ஏலம் கூறுகிற ஓர் அண்ணை லிவர்பூல். ஓட்டோ ஓடுகிற தம்பி மன்செஸ்டர் சிட்டி. நான் 2003-04 சீசனில் ஆர்செனல் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் கிண்ணம் எடுத்ததைப் பார்த்து மயங்கிப்போய், அதற்குப் பிறகு ஒரு லீக் பட்டத்துக்காக வருடக்கணக்கில் காத்துக் காத்து நரை கண்டவன். சீசனுக்கு முன் எங்கள் பேச்சு எப்போதும் இப்படித்தான் போகும்.

“அவன் எப்ப வாறான்?”

“ஒக்ரோபர் எண்டு போட்டிருக்கிறாங்கள்.”

“அப்ப பிரச்சினை இல்லை.”

அந்த “பிரச்சினை இல்லை” என்கிற இடத்தில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

2012ஆம் ஆண்டு எனக்கு 24 வயது. ஊர்க் கழகத்தில் ரைட் பேக், அதாவது வலது ஓரத் தடுப்பாளன். சுற்றுப்போட்டிக்கு இரண்டு மாதம் இருக்க, ஒரு பின்னேரப் பயிற்சியில் யாரும் இடிக்காமலே விழுந்தேன். மழை கண்டு மாதக்கணக்கான தரை, சீமெந்து மாதிரி. பூட்ஸ் நிலத்தில் பிடித்துக்கொண்டது, உடம்பு திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. உள்ளே “டக்” என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவனுக்கும் கேட்டதாம். இரவுக்குள் முழங்கால் பனங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

சுளுக்கு என்றார்கள். புக்கை கட்டினார்கள், எண்ணெய் போட்டு உருவினார்கள். மூன்று கிழமையில் வீக்கம் வற்றியது. ஆறாவது கிழமை நேராக ஓட முடிந்தது. நேராக ஓடுவதற்கு முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைத்து வைக்கிற லிகமென்ட் பெரிதாகத் தேவையில்லை என்பது அப்போது யாருக்குத் தெரியும்? வீட்டில் அம்மா மட்டும் வேண்டாம் என்றார். பயிற்சியாளர் கேட்டபோது “ஓம், ஏலும்” என்று நான்தான் சொன்னேன். அந்தப் பொய்க்கு வேறு யாரும் பொறுப்பில்லை.

அரையிறுதி. ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்ல ஊர்ச்சனம் கைதட்டியது. முதல் 20 நிமிடம் ஒரு பிசகும் இல்லை. பிறகு எதிரணியின் இடது விங்கர், அதாவது ஓரத்தால் ஓடுகிற முன்வரிசைக்காரன், உள்ளே வெட்டுவது போலக் காட்டி வெளியே எடுத்தான். நான் திரும்பினேன், முழங்கால் தன் பாட்டுக்குக் கழன்று போனது போல இருந்தது. கிடந்தபடியே பார்த்தேன், அவன் கொடுத்த பந்து கோலுக்குள் போனது.

கதை அதோடு முடியவில்லை. நான் வருவேன் என்று நம்பி, அந்த ஆறு கிழமையும் வேறு ஒருவரையும் ரைட் பேக்கில் பழக்கவில்லை. முன்வரிசைக்காரன் ஒருவனை அங்கே இறக்கினார்கள். இப்போது முன்னுக்கும் ஆள் இல்லை, பின்னுக்கும் ஒழுங்கான ஆள் இல்லை. மூன்று கோல் வாங்கினோம். நான் வரவே மாட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த அணி தோற்றாலும் இவ்வளவு கேவலமாகத் தோற்றிருக்காது. பிறகு கொழும்பில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோதுதான் ஏசிஎல் என்கிற அந்த முழங்கால் லிகமென்ட் முழுதாக அறுந்திருந்தது தெரிந்தது.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் நான் பெரிய அணிகளைப் பார்ப்பேன். லிவர்பூலின் 2020-21 சீசன் எனக்கு அச்சொட்டாக எங்கள் அரையிறுதி. முந்தைய சீசனில் 99 புள்ளி எடுத்துப் பட்டம் வென்ற அணி. ஒக்ரோபர் 17ஆம் திகதி எவர்டனுடனான ஆட்டத்தில் வான் டைக்கின் முழங்கால் போனது. நவம்பரில் இங்கிலாந்து அணியின் பயிற்சியில் கோமஸின் முழங்கால். ஜனவரி கடைசியில் மாட்டிப்பின் கணுக்கால். மூன்று நடுத் தடுப்பாளர்களும் இல்லை. எல்லோரும் வான் டைக் போனதால் லிவர்பூல் விழுந்தது என்பார்கள். பாதிதான் சரி. அந்த ஓட்டையை அடைக்க நடுக்களத்து ஃபபீனோவையும் ஹென்டர்சனையும் பின்னுக்கு எடுத்தார்கள். அதோடு நடுக்களமும் போனது. ஒரு ஓட்டையை அடைக்கப் பக்கத்துத் தட்டியைப் பிடுங்கினால் வேலி என்ன ஆகும்? அன்ஃபீல்டில் 68 லீக் ஆட்டங்களாகத் தோற்காமல் இருந்தவர்கள் ஜனவரியில் பர்ன்லியிடம் தோற்றார்கள். அதிலிருந்து சொந்த மைதானத்தில் வரிசையாக ஆறு லீக் தோல்வி.

மீட்சி எங்கிருந்து வந்தது என்பதுதான் விசேஷம். மார்ச்சில் ஃபபீனோவைத் திரும்ப நடுக்களத்துக்கு விட்டார்கள். பின்னால் ஜனவரிச் சந்தையின் கடைசி நாளில் கடனுக்கு வந்த கபாக், பிறகு நாட் பிலிப்ஸ், ரைஸ் வில்லியம்ஸ். அதற்கு முதல் பெரும்பாலானோர் கேள்விப்படாத பெயர்கள், ஆனால் நடுத் தடுப்பு ஆடுகிறவர்கள். கடைசிப் பத்து லீக் ஆட்டங்களில் எட்டு வெற்றி, இரண்டு சமநிலை, மூன்றாம் இடம். வான் டைக் அந்த சீசனில் திரும்பி வரவே இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் லிவர்பூல் அண்ணை, கோல்காப்பாளர் அலிசன் வெஸ்ட் ப்ரோமுக்குத் தலையால் அடித்த கோலைத்தான் பதிலாகச் சொல்வார். சரி, அது அவருடைய சந்தோசம்.

சிட்டித் தம்பிக்கும் அனுபவம் உண்டு. தொடர்ந்து நான்கு பட்டம் எடுத்த அணி. 2024 செப்டெம்பரில் ஆர்செனலுடன் ஆடும்போது, தடுப்புக்கு முன்னால் நிற்கும் நடுக்கள ஆட்டக்காரர் ரொட்ரியின் ஏசிஎல் போனது. அடுத்த மாதமே அவருக்கு உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் டோர் விருது கிடைத்தது, ஊன்றுகோலோடு வந்து வாங்கினார். அந்தக் குளிர்காலத்தில் சிட்டி தோற்றுத் தோற்று மூன்றாம் இடத்துக்குப் போனது. அவரைப் போல ஆடத் தெரிந்த இன்னொருவன் அணியில் இல்லை என்பது அதற்கு முந்தைய ஆகஸ்ட்டிலேயே தெரிந்த விடயம். பதிலுக்கு நிக்கோ கொன்சாலஸை வாங்கியது ஜனவரிச் சந்தையின் கடைசி நேரத்தில். இன்னொன்றும் பாருங்கள். 2025 மே மாதம் ரொட்ரி திரும்பிவிட்டார் என்று தம்பி எங்கள் எல்லோருக்கும் பிளேன்ரீ வாங்கித் தந்தான். கோடையில் கழக உலகக் கிண்ணத்தில் அவருக்கு மறுபடி நோ வந்து, புதிய சீசனுக்கும் முழுசாகத் தயாராக முடியவில்லை. பட்டியலில் பெயர் இல்லாமல் போவதற்கும் பழைய ஆளாக ஆடுவதற்கும் நடுவில் பல மாதம் கிடக்கிறது.

என் கட்சியையும் காயம் விடவில்லை. 2023 மார்ச்சில் நடுத் தடுப்பாளன் சலீபாவின் முதுகு போகும்போது ஆர்செனல்தான் முதலிடம். அந்த சீசனில் 248 நாள் முதலிடத்தில் இருந்துவிட்டு ஐந்து புள்ளியில் பட்டத்தை இழந்தோம். சலீபாவின் இடத்தில் ஹோல்டிங் பாவம், தன்னால் ஆனதைச் செய்தான். வேகம் இல்லாத தடுப்பாளன் நின்றால் முழுப் பின்வரிசையும் சில அடி பின்னுக்குப் போக வேண்டும், அது நடுக்களத்தையும் இழுத்துக்கொண்டு போகும். 2025 பெப்ரவரியில் முன்வரிசை ஹவெர்ட்ஸ் பின்தொடைத் தசை கிழிந்து படுத்தபோது நடுக்கள மெரினோவை முன்னால் விட்டு லெஸ்டருக்கு இரண்டு கோல் அடித்தோம். கடையில் நான் ஆடிய ஆட்டம்! ஆனால் ஜனவரியில் ஜேசுஸின் முழங்கால் போனபோதே ஒரு முன்வரிசைக்காரனை வாங்கியிருக்க வேண்டும். இரண்டாம் இடம்தான் கிடைத்தது.

காயத்தின் வகை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஏசிஎல் என்றால் சத்திரசிகிச்சை முடிந்து ஒன்பது மாதத்துக்குள் வருகிறான் என்ற செய்தி எனக்கு நல்ல செய்தி இல்லை. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒன்பது மாதம் வரைக்கும் ஒவ்வொரு மாதம் பிந்திக் களமிறங்கும்போதும் மறுகாய வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கணுக்கால் எலும்பு, கை முறிவு எல்லாம் கேட்கப் பயங்கரமாக இருக்கும், எனக்கு அதில் பெரிய பயம் இல்லை. நான் பயப்படுவது “சின்னத் தசைப்பிடிப்பு, இரண்டு கிழமை” என்று வருகிற ஹாம்ஸ்ட்ரிங், அதாவது பின்தொடைத் தசைச் செய்திக்கு. ஐரோப்பியப் பெரிய கழகங்களில் 2001-02 சீசனில் மொத்தக் காயங்களில் அது 12 வீதம், 2021-22இல் 24 வீதம். வேகமாக ஓடுகிற விங்கருக்கு ஒருமுறை வந்தால் அந்த சீசனில் இன்னொருமுறை வரும் என்றே கணக்குப் போடுவேன். சாதாரணமாக 25 பேர் கொண்ட அணிக்கு ஒரு சீசனில் 15 தசைக்காயம் வரும் என்கிறது அதே கழகங்களைப் பின்தொடர்ந்த ஆய்வு. ஆகவே ஆகஸ்ட்டில் பட்டியல் வெறுமையாக இருந்தாலும் துள்ளத் தேவையில்லை. 2015-16இல் லெஸ்டர் முழு லீக்கையும் 23 பேரை வைத்தே ஆடிப் பட்டம் எடுத்தது அபூர்வம், அதை வைத்துப் பந்தயம் கட்டாதீர்கள்.

ஆக, சீசனுக்கு முன் நான் செய்வது ஒரு சின்ன வேலை. ஒரு தாளில் பதினொரு பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே அவன் விழுந்தால் வருகிறவன். அந்த இரண்டாவது பெயரை எழுத இன்னோர் இடத்திலிருந்து ஆளை எடுக்க வேண்டி வந்தால் அதற்கு ஒரு சிவப்புப் புள்ளி. தடுப்பின் நடுவிலோ, அதற்கு முன்னால் நிற்கும் நடுக்கள ஆட்டக்காரனிலோ சிவப்பு விழுந்தால் அந்த அணியைப் பட்டத்துக்குச் சொல்ல மாட்டேன், யாரை எத்தனை கோடிக்கு வாங்கியிருந்தாலும். விங்கரில் விழுந்தால் சமாளிக்கலாம். நட்பு ஆட்டங்களின் கோல் கணக்கைப் பார்ப்பதே இல்லை. 60 நிமிடத்துக்குப் பிறகு யார் இறங்குகிறான் என்று மட்டும் பார்ப்பேன். அந்த நட்பு ஆட்டங்கள் எங்களுக்கு வசதியான நேரத்தில் வராது, சில ஆட்டம் விடியப்புறம்.

இப்போது ஊரில் பதினாறு வயதுக்குட்பட்ட பெடியளுக்குப் பின்னேரத்தில் உதவிக்குப் போகிறேன். ஃபிஃபாவின் “லெவன் பிளஸ்” என்று 20 நிமிட உடற்பயிற்சி ஒன்று இருக்கிறது. நோர்வேயில் இளம் பெண் ஆட்டக்காரிகளிடம் செய்து பார்த்ததில் காயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. காசு தேவையில்லை, கருவி தேவையில்லை. ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னால் “கொக்குக் கோச்சர்” என்று பின்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

போன கிழமை எங்கள் நல்ல இடது பேக் முழங்காலில் பன்டேஜ் சுற்றிக்கொண்டு வந்தான். “ஒண்டுமில்லை அண்ணை, ஞாயிற்றுக்கிழமை ஏலும்” என்றான். குரல்கூட என்னுடையது மாதிரியே இருந்தது. அவனை டொக்டரிடம் காட்டச் சொல்லித் தகப்பனுக்கு ஃபோன் எடுத்துவிட்டு, வலைக்குப் பின்னால் பந்து பொறுக்கிக்கொண்டிருந்த அவன் தம்பியைக் கூப்பிட்டேன். இடதுகால்காரன், கொஞ்சம் கட்டை. ஐந்து நாளாக அவனைத்தான் அந்த இடத்தில் ஓட வைத்துக்கொண்டிருக்கிறோம்.