கந்தோரில "ஓம்" சொல்லுறதுக்கு முதல்

தம்பி, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில முகாமைத்துவம் படிச்சுப்போட்டு லண்டனுக்கு எம்.பி.ஏ. படிக்க வரப்போறீங்க. "எல்லா நாட்டாக்களும் ஒரே பாடத்தத்தானே படிக்கிறம், வேலையில கலாசார வித்தியாசம் இருக்குமா?" எண்டு கேட்டிருக்கீங்க. அறை வாடகை, குளிர்ச்சட்டை பத்தியும் கேட்டிருக்கீங்க. அதச் சொல்ல நிறையப் பேர் இருக்காங்க.

வித்தியாசம் இருக்கும் தம்பி. 2006இல வந்த நானும் இல்லையெண்டுதான் நம்பினன். ஹொஃப்ஸ்டெட் எண்ட டச்சு ஆய்வாளர் 1967க்கும் 1973க்கும் இடையில ஐபிஎம் ஊழியர்கள்ட்ட எடுத்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வினாத்தாள்களப் பாத்தவர். ஒரே கம்பனிதான், ஆனா மேலதிகாரியோட எப்பிடி நடக்கிறது எண்டதில நாட்டுக்கு நாடு வித்தியாசம். இத எழுதித்தான் நான் சோதனை பாஸ் பண்ணினன். என்னையும் பத்தின விஷயம் எண்டு விளங்கல்ல.

முதல் வேலையில மனேஜர், "வெள்ளிக்கிழமைக்குள்ள கணக்கு முடியுமா?" எண்டு கேட்டா. முடியாதெண்டு தெரிஞ்சும், பெரியவக்கு எப்பிடி மறுக்கிறது எண்டு "ஓம்" எண்டன். மூணு ராத்திரி முழிச்சும் முடியல்ல. திங்கக்கிழமை அவ கேட்டது ஒண்டுதான்: "புதன்கிழமையே ஏன் சொல்லல்ல?" நான் மரியாதையெண்டு நினைச்சத அவ ஒளிப்பெண்டு எடுத்தா. தகுதிகாண் காலம் முடிய வேலையும் போச்சு. முதல் நாளே வாயத் திறந்து சொல்லுங்க. கூட்டத்திலயும் சும்மா இருக்காதீங்க, ஒண்டும் தெரியாதவன் எண்டு முடிவெடுப்பாங்க.

நம்மட ஆக்கள்ட கடையிலயும் கவனம். படிப்பு நடக்கிற காலத்தில கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல வேலை செய்ய விசாவில இடமில்ல. "தம்பி, கொஞ்சம் கூட நில்லுங்க, கையில தாறன்" எண்டு முதலாளி அண்ணன் கேப்பார். அண்ணன் எண்டு கூப்பிட்ட வாயால மறுக்கேலாமத்தான் எத்தனையோ பிள்ளைகள் மாட்டினதுகள்.

அதுக்காக, பட்டம் எடுத்த கையோட ஊர்ப் பழக்கமெல்லாம் பிற்போக்கு எண்டு பேசித் திரியிற ஆக்களையும் எனக்குப் பிடிக்காது. இண்டைக்கு எனக்குக் கீழ பன்னிரண்டு பேர் வேலை செய்யிறாங்க. "ஓம்" எண்டு சொல்லிப்போட்டு முகம் வாடுற பிள்ளைய நான் தனியக் கூப்பிட்டுக் கேப்பன். அந்தப் பார்வை எந்த வகுப்பிலயும் வந்ததில்ல.

எங்கட அப்பா மட்டக்களப்புப் படுவான்கரையில ஒரு போடியார்ட, அதாவது பெரிய வயல் சொந்தக்காரர்ட, வயலில முல்லைக்காரன், வயலப் பாத்து வேலை செய்யிற ஆள். வரம்பு பலமில்லையெண்டு அவருக்குத் தெரியும், போடியார்ட முகத்துக்கு முன்னால சொல்லமாட்டார். மழை இறங்கின ராவு மண்வெட்டியோட தனியப் போய், விடியுமட்டும் மண் வெட்டிப் போட்டவர். காலையில போடியார் வந்து பாத்து, "வரம்பு நல்லாத்தான் நிக்குது" எண்டார். அப்பா "ஓம்" எண்டு மட்டும் சொன்னார். அவர்ட கையெல்லாம் கொப்புளம்.